மஞ்சள் தடவிய கிரெடிட் ரிப்போர்ட்

நிரஞ்சனாவின் அப்பா என் ஜாதகத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கவலையே இல்லை. என்னுடையது தங்கமான ஜாதகம். நான் பிறந்த வேளையில் குரு உச்சத்தில் இருந்தாராம், பெட்டி பெட்டியாகப் பணம் சேருமாம். அப்படிக் கணித்துக் கொடுத்த ஜோசியருக்கு அம்மா ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது டாலர், தட்சணை கொடுத்தாள். அந்த யோகத்தால் எங்கள் குடும்பத்தில் இதுவரை பணம் பார்த்தவர் அந்த ஜோசியர் ஒருவர்தான்.

“அப்பா கிரெடிட் ரிப்போர்ட் கேக்குறாரு,” என்றாள் நிரஞ்சனா.

தேக்கா சாப்பாட்டுக் கடைகளின் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தோம். அவள் வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள்.

“யாரோட ரிப்போர்ட்டு?”

“எதிர்வீட்டுப் பூனையோடது. யாரோடதா இருக்கும்? உன்னோடதுதான் லா.”

நான் தே தாரிக் டீயை ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது. அது பரவாயில்லை, பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

நிரஞ்சனா பஸ் ஓட்டுகிறாள். பூன் லே இன்டர்சேஞ்சில் வந்து முடியும் நீளமான வழித்தடம். முதன்முதலில் நான் அவள் பஸ்ஸில் ஏறியபோது என் பஸ் அட்டையில் காசு இல்லை. இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது. “அங்கிள், டாப்-அப் பண்ணலையா?” என்றாள். அவளைவிட நான் மூன்றே வயது மூத்தவன். ‘அங்கிள்’ என்று சொன்ன அந்த வாயால் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட வைப்பேன் என்று சில்லறையைப் போட்டுவிட்டு பஸ்ஸின் மேல்மாடிப் படியில் ஏறிக்கொண்டே சபதம் எடுத்தேன். இரண்டு வருட உழைப்பில் ‘டேய்’ வரை முன்னேறியிருந்தேன்.

என் கடன் கதை அவளுக்குத் தெரியும். மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்கு அது சின்னக் கதையும் இல்லை. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் நான் ஒரு கடை போட்டேன். பாயச பபிள் டீ. சீனன் மரவள்ளி உருண்டையைப் போட்டு உலகத்தையே உறிஞ்ச வைக்கிறானே, நம்மிடம் ஜவ்வரிசி இல்லையா என்ற தன்மானம். ஏலக்காய், முந்திரி, கொழுத்த ஸ்ட்ரா. முந்திரி ஸ்ட்ராவில் மாட்டிக்கொள்ளும் என்பதை யோசிக்கவில்லை. கொரோனா வரும் என்பதையும் யோசிக்கவில்லை. கடை திறந்த சில வாரங்களில் தஞ்சோங் பகார் முழுவதும் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போய்விட்டது. கடைசியாக என்னிடம் பாயசம் வாங்கிய ஆள், கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொண்டுவந்த கட்டட மேலாளர். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கேட்டார். இலவசமாகக் கொடுத்தேன். வியாபாரத்தில் என் நிலவரம் அதுதான்.

கடைக்காக வாங்கியது ஓவர்டிராஃப்ட். அதாவது நம் கணக்கில் இல்லாத காசையும் எடுத்துக்கொள்ள பேங்க் கொடுக்கும் அனுமதி. கணக்கு பூஜ்யச் சுழிக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இறக்கியவன்தான் வட்டியோடு மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கடையை மூடியபின் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் வேலைக்குச் சேர்ந்து, மாதா மாதம் ஏற்றிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு சறுக்கல். அந்தச் சறுக்கல், கடன் வரலாற்றைச் சொல்லும் என் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

“அதான் பெரும்பாலும் கட்டிட்டியே, காட்டு. உனக்கென்ன?” என்றாள்.

“டிஃபால்ட்டுனு ஒரு வரி இருக்கு, நிரஞ்சி.”

அவள் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அக்கா வீட்டுக்காரர் ஓடிப்போனப்ப அவர் வச்சிட்டுப் போன கடனை எல்லாம் அப்பாதான் கட்டுனாரு. ஓய்வுக்காலப் பணம் அத்தனையும். கட்டி முடிச்ச அன்னைக்குக் குளியலறைத் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு உள்ள உக்காந்து அழுதாரு. தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சாரு. நான் வெளிய நின்னுக்கிட்டிருந்தேன்.” கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: “அப்புறம் அவருக்கு ப்ராமிஸ் பண்ணேன். நான் கட்டிக்கிறவன் ஃபைலை நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா, நீங்க நோன்னா நோதான்னு.”

“நோன்னு சொன்னா?”

“சொல்ல வைக்காதடா,” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இரட்டை மாடி பஸ்ஸை ஒற்றைக் கையால் திருப்புகிறவள்.

*

பெண் பார்க்கப் போவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று அம்மா நாள் குறித்தாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பூ, பழம், தட்டு எல்லாம் வாங்கப் போனோம். அப்படியே அஹமது கபீர் பாயின் அச்சுக்கடையில் ரிப்போர்ட்டையும் அடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

என் அம்மா ரத்தினம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சமூக மன்றத்தில் மூத்தோருக்கு நடத்திய கைப்பேசி வகுப்பில் முதல் மாணவி. எங்கள் இரண்டு பேர் சம்பளமும் ஒரே கூட்டுக் கணக்கில்தான் விழும். அதை என்னைவிட அம்மாதான் அதிகம் திறந்து பார்ப்பாள், மற்றவர்கள் வானிலை பார்ப்பதுபோல.

“கலரா, கறுப்பு வெள்ளையா?” என்றார் கபீர் பாய்.

“கலரு. நல்ல காரியத்துக்கு,” என்றாள் அம்மா.

இயந்திரத்திலிருந்து வந்த தாளைப் பாய் எடுத்துப் பார்த்தார். “தம்பி, நான் சொல்றேனேன்னு நினைக்காதீங்க. இதுல சிவப்பு ஜாஸ்தியா இருக்கு. கறுப்பு வெள்ளையில அடிச்சா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்.”

தரம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். வரிசை A-யில் தொடங்குகிறது. என் எழுத்துக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் இல்லை. வரிசையின் கடைசியில் நான்தான் கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

அம்மா ஒரு வரியில் விரல் வைத்தாள். “இது என்னடா?”

“டிஃபால்ட்டு. டீக்கடை ஓவர்டிராஃப்ட்டைக் கட்டலைன்னு அர்த்தம்.”

“கட்டிக்கிட்டுத்தானே இருக்கே?”

“இப்பக் கட்டுறேன். முன்னாடி தானாக் கழியுற மாதிரி வச்சிருந்தேன்ல, நம்ம கூட்டுக் கணக்குலேர்ந்து? மாசா மாசம் அஞ்சாம் தேதி. அதுல நாலு தடவை கழியலை. கணக்குல காசே இல்லைன்னு பேங்க்காரன் சாதிக்கிறான். சம்பளம் அப்படியே கிடந்துச்சு. கம்ப்யூட்டர் கோளாறும்மா. நாலாவது தடவையோட மொத்தத்தையும் ஒரேயடியாக் கட்டுன்னு சொல்லிட்டான். கட்ட முடியலை. அதான் இந்தச் சிவப்பு.”

நியாயமாகப் பார்த்தால் முதல் தடவையே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேங்க் எச்சரிக்கை அனுப்பத்தான் செய்தது. எல்லாம் பாயசக் கடையின் மின்னஞ்சலுக்குப் போயின. அதன் கடவுச்சொல் முந்திரி சம்பந்தப்பட்டது என்பதுவரைதான் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த முதல் தடவை, ஒரு மே மாதம், தவணை நாள் முடிந்து கணக்கைத் திறந்து பார்த்தேன். காசு குறையாமல் இருந்தது. கடன் கட்டியும் காசு குறையவில்லை என்றால் புத்தியுள்ளவன் சந்தேகப்படுவான். நான் குரு உச்சத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“எந்தெந்த மாசம்?” அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இருபத்துமூணுல மே, செப்டம்பர், டிசம்பர், அடுத்த ஜனவரி. எதுக்கும்மா?”

“அந்த அஞ்சாம் தேதியெல்லாம் என்ன கிழமை?”

கபீர் பாய்க்கு ஆர்வம் தாங்கவில்லை. தன் கைப்பேசியில் பழைய நாள்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை... செவ்வாய்க்கிழமை... மறுபடி செவ்வாய்... வெள்ளிக்கிழமை.”

அம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அகிலா, ஒண்ணு சொல்றேன்டா. கத்தக் கூடாது.”

“சொல்லு.”

“செவ்வா வெள்ளியில காசு வீட்டை விட்டு வெளிய போகலாமாடா? லட்சுமி போயிட மாட்டாளா? அதான் முந்தின நாளே மொத்தத்தையும் என் கணக்குக்கு மாத்தி வச்சுக்குவேன். மறுநாள் காலையில திருப்பிப் போட்டுடுவேன். ஒரு காசு தொட்டதில்லை.”

“எத்தனை வருஷமாம்மா?”

“அந்த பேங்க் ஆப்பு வந்ததிலேர்ந்து. அதுக்கு முன்னாடி ஏ.டி.எம்.ல எடுத்து அரிசி டின்னுக்குள்ள வைப்பேன்.”

நான் வாயைத் திறந்தேன். கத்தக் கூடாது என்று ஒப்பந்தம். மூடினேன். தப்பு என்னுடையதும்தான். வகுப்பில் அம்மா முதல் மாணவியாக வந்தபோது ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான்.

“உன் வாழ்க்கையை நானே கெடுத்துட்டேனேடா,” என்று அம்மா அழத் தொடங்கினாள். அச்சு இயந்திரம் யாருக்கோ திருமணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தது. கபீர் பாய் முகம் துடைக்கத் தாள் கொடுத்தார். தேநீர் சொல்லவா என்றார். ரிப்போர்ட்டுக்குக் காசு வேண்டாம் என்றார்.

“அதெல்லாம் வேணாம் பாய், நல்ல காரியத்துக்கு ஓசி கூடாது,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையைத் திறந்தாள் அம்மா. “இன்னைக்குப் புதன்தானே.”

வெளியே வந்து மல்லிகைப் பூக்கடை வரிசையில் நடந்தோம். “அங்க போய் இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதம்மா. நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்,” என்றேன்.

“எனக்காக நீ பொய் சொல்லணுமா?”

“மறதின்னா எனக்குப் பொருந்தும்மா. என் மூஞ்சியைப் பார்த்தாலே நம்புவாங்க.”

அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை. காத்தோங்கில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நிரஞ்சனாவின் வீட்டுக்குப் போனோம். அம்மா பிள்ளையாரிடம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பேசினாள். வகுப்பில் கற்றுக்கொண்ட சொற்கள் சிலவும் காதில் விழுந்தன.

கதவைத் திறந்தவர் பாப்பம்மாள் ஆன்ட்டி, நிரஞ்சனாவின் அம்மா. பின்னால் நிரஞ்சனா பட்டுப்புடவையில் நின்றாள். அவளைப் புடவையில் நான் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றுவதை மறந்து கூடத்துக்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். “செருப்பு, டேய், செருப்பு,” என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

செல்வராஜ் அங்கிள் சாப்பாட்டு மேசைக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓர் அடிக்கோல், ஒரு சிவப்புப் பேனா. முப்பது வருடம் பேங்கில் வராக்கடன் வசூல் பிரிவில் இருந்தவர். தட்டைக் கொடுத்தோம். பழம், வெற்றிலை, பூ, மேலே உறையில் ரிப்போர்ட்.

உறையைப் பிரித்தவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். “இது என்ன, மூலையில மஞ்சளா? குழம்பு பட்டுருச்சா?”

“மஞ்சள்தாங்க,” என்றாள் அம்மா. “நாலு மூலையிலயும் தடவியிருக்கேன். நல்ல சேதிக் காகிதத்தை வெறுமனே குடுப்பாங்களா?”

அவர் வசூல் செய்த காலத்தில் எத்தனையோ ரிப்போர்ட் பார்த்திருப்பார். மஞ்சள் தடவியது இதுதான் முதலாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

அதன்பின் ஜோசியர் வீட்டு அமைதி. அடிக்கோல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பாப்பம்மாள் ஆன்ட்டி கேசரி வைத்தார். நான் சாப்பிட்டேன். மறுபடி வைத்தார். அதையும் சாப்பிட்டேன். பயத்தில் எனக்குப் பசி எடுக்கும். பாயசக் கடையில் சரக்கு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அடிக்கோல் நின்றது. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

“நாலு தவணை விட்டுப்போயிருக்கும், அப்புறம்தான் டிஃபால்ட்டு போட்டிருப்பான். சரியா?”

“சரி அங்கிள்.”

“சம்பளம் வந்துக்கிட்டிருந்துச்சா?”

“வந்துச்சு அங்கிள்.”

“அப்புறம் ஏன் கட்டலை?”

“மறந்துட்டேன் அங்கிள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பாப்பம்மாள் ஆன்ட்டியின் கையில் கேசரிக் கரண்டி அப்படியே நின்றது. ஏதோ தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

“காசு இல்லைன்னு வந்து நிக்கிறவன்கிட்ட பேசலாம் தம்பி. நானே எத்தனை பேருக்கு வட்டியைத் தள்ளிவிடச் சொல்லி மேல எழுதியிருக்கேன். காசு இருந்தும் மறந்துட்டேங்கிறவன்கிட்ட என்ன பேசுறது?” அவர் குரல் உயரவே இல்லை. “எங்க மூத்த மாப்பிள்ளையும் நல்லாத்தான் சிரிச்சுப் பேசுவாப்ல. எப்பக் கேட்டாலும் ‘மறந்துட்டேன் மாமா’ன்னுதான் சொல்வாப்ல.”

தாளை மடிக்கத் தொடங்கினார். ஒரு மடிப்பு. நிரஞ்சனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவைத் தலைப்பு அவள் முறுக்கிய முறுக்கில் கயிறாகியிருந்தது. நான் இத்தனை வருடத்தில் சொன்ன பொய்களிலேயே நல்ல எண்ணத்தோடு சொன்னது இது ஒன்றுதான். ஜவ்வரிசி உடம்புக்கு நல்லது என்று ஊரை ஏமாற்றியதெல்லாம் செல்லுபடியாயிற்று. இது ஒன்று என்னை அடித்துப் போட்டது.

“அவன் மறக்கலைங்க,” என்று அம்மா எழுந்து நின்றாள்.

“அம்மா, வேணாம்.”

“நீ சும்மா இரு. என்னால உன் கல்யாணம் நிக்கணுமா?” அம்மா அவர் பக்கம் திரும்பினாள். “நான்தாங்க காசை எடுத்தேன். நாலு தடவையும். செவ்வாக்கிழமை, வெள்ளிக்கிழமை. லட்சுமி வெளிய போயிடக் கூடாதுன்னு ஒரு நாளைக்கு என் கணக்குல வச்சுட்டு மறுநாள் திருப்பிப் போட்டேன். இவன் எனக்காகப் பொய் சொல்றான். இவனுக்குப் பொய் சொல்லவும் வராதுங்க, வியாபாரம் பண்ணவும் வராது. வேற ஒரு குறையும் இல்லை.”

என் அம்மா எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ்களில் சிறந்தது அதுதான்.

செல்வராஜ் அங்கிள் அடிக்கோலை நகர்த்தி வைத்தார். கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்தார். மாதங்களைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதைப் பார்த்து முடித்ததும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தே விட்டேன். சிரிப்பு. சத்தமில்லாமல் தொடங்கி, இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, பாப்பம்மாள் ஆன்ட்டி முதுகைத் தடவிவிடும்படி ஆயிற்று.

“பாப்பு, கேட்டியா? சனிக்கிழமை வரிசை!” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார். “சிராங்கூன் ரோட்டுக் கிளையில இருந்தேங்க. வெள்ளிக்கிழமை கவுண்டர்ல ஈ ஓட்டுவோம். சனிக்கிழமை கதவைத் திறந்தா கடன் கட்ட வர்றவங்க வரிசை டாக்ஸி நிக்கிற இடம் வரைக்கும் போகும். எங்க மேனேஜர் சீனரு. ‘செல்வா, வெள்ளிக்கிழமை உன் ஆளுங்களுக்கு என்ன ஆகுது?’ன்னு கேட்டாரு. விவரம் சொன்னேன். அவரு சிரிக்கலை. ஆவிங்க சுத்துற எங்க பேய் மாசத்துல எங்கம்மா என்னைப் புதுக் கார்ல ஏற விட மாட்டா செல்வான்னாரு. அன்னையிலேர்ந்து எங்க கிளையில தமிழ் ஆளுங்களுக்கு வெள்ளிக்கிழமை விழுற தவணைக்கு மறுநாள் வரைக்கும் அபராதம் போட மாட்டோம். எழுதாத சட்டம். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர். அதுக்கு ஏது கிழமை?”

மடித்த தாளைப் பிரித்து வைத்தார். நிரஞ்சனாவின் தலைப்பு கயிற்றிலிருந்து மெல்லப் புடவையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குக் கேசரி இறங்கியது.

“சரி. காரணம் நல்ல காரணம். ஆனா கடன் கடன்தான். இன்னும் எவ்வளவு பாக்கி?”

“ஆயிரத்து இருநூறு வெள்ளி அங்கிள். மாசா மாசம் நானே நேரா அனுப்பிடுறேன். இந்த வருஷத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

“என்கிட்ட இருக்கு,” என்றாள் அம்மா. “மோதிரத்துக்கு வச்ச காசு. என்னால வந்த வினை, நானே தீர்க்குறேன். மோதிரம் மெதுவா வாங்கிக்கலாம். ஏம்மா, உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?”

“ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு மோதிரம் தொந்தரவு ஆன்ட்டி,” என்றாள் நிரஞ்சனா.

“அப்பக் கட்டிடுங்க. இப்பவே. நானும் பார்க்குறேன்,” என்றார் அங்கிள், குஷியாக.

அம்மா கைப்பேசியை எடுத்தாள். செயலியைத் திறந்தாள். விரல்ரேகை வைத்தாள். என் ஓவர்டிராஃப்ட் கணக்கின் எண்ணை நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். தொகையைத் தட்டினாள். அதற்குமேல் விரல் நகரவில்லை.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க,” என்றாள். “நாளைக்குக் காலையில முதல் வேலையா...”

அங்கிள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “நாளைக்கு,” என்றார். அந்த வீட்டில் ‘மறந்துட்டேன்’ என்பதற்கு அடுத்தபடியாக வெறுக்கப்பட்ட சொல் அதுதான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கை தானாகவே தாளைத் தேடிப் போனது. அம்மாவோ தர்மசங்கடத்தில் வேர்த்து நின்றாள். அறுபது வருடப் பழக்கத்தை ஒரு கட்டைவிரலில் மீற வேண்டும். மீறினால் லட்சுமி போவாள். மீறாவிட்டால் மருமகள் போவாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. கேசரியில் இருந்த சர்க்கரையாக இருக்கலாம்.

“அம்மா, அது யாரு கணக்கு?”

“பேங்க்கோடது.”

“இல்லம்மா. என் பேர்ல இருக்கிற என் கணக்கு. சுழிக்குக் கீழ இறங்கிக் கிடக்கு, அவ்வளவுதான். நீ அனுப்புற காசு வேற எங்கயும் போகலை. நம்ம வீட்டுக் கணக்குலதான் வந்து விழுது.”

“உன் கணக்கா? அப்ப ஏன்டா இத்தனை நாளா பேங்குக்குக் கட்டுறேன், பேங்குக்குக் கட்டுறேன்னு சொன்னே?”

“ஊரு வழக்கும்மா அது.”

அம்மா நம்பவில்லை. நியாயம்தான், பாயச பபிள் டீ ஓகோவென்று ஓடும் என்று சொன்னதும் இதே வாய். நிபுணர் பக்கம் திரும்பினாள். “இவன் சொல்றது நிஜமாங்க?”

செல்வராஜ் அங்கிள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பது வருட அனுபவம் நெற்றியில் கூடி நின்றது. “கணக்கு தம்பி பேர்ல. அதுல காசு போட்டா பேங்க் புத்தகத்துல அதை என்னன்னு எழுதுவோம்...” அவர் நிறுத்தினார். தானே வியந்துபோனதுபோல் மனைவியைப் பார்த்தார். “வரவுன்னுதான் எழுதுவோம்.”

“வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல வரவா?” என்றார் பாப்பம்மாள் ஆன்ட்டி. “ரொம்ப விசேஷமாச்சே!”

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ, அப்ப நான் இத்தனை நாளா வந்த லட்சுமியை வாசல்லயே நிறுத்தி வச்சிருந்தேனா?”

“இப்பவாவது உள்ள கூப்பிடுங்க சம்பந்தி, நிக்க வைக்காதீங்க!” என்று அவசரப்படுத்தினார் ஆன்ட்டி. சம்பந்தி என்ற சொல் தவறி விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. மற்ற எல்லோரும் கவனித்தோம்.

அதன்பின் அந்த வீட்டில் நடந்தது பணப் பரிமாற்றம் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆன்ட்டி ஓடிப்போய் விளக்கை ஏற்றினார். அம்மா கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். நிரஞ்சனா பஸ் ஓட்டுகிறவளுக்கே உரிய நிச்சயத்தோடு கையை நீட்டினாள். ஐந்து தலைகள் ஒரு சின்னத் திரைக்கு மேல் முட்டிக்கொண்டன. அம்மா தொகையில் இன்னும் ஒரு வெள்ளியைக் கூட்டினாள். கேட்டதற்கு, நல்ல காசைச் சுழியில் கொண்டுபோய் நிறுத்தலாமா என்றாள். கைப்பேசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள்.

பச்சை டிக் விழுந்தது.

நான் என் கணக்கைத் திறந்தேன். இந்த ஆறு வருடமாக அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கழித்தல் குறி எனக்காகக் காத்திருக்கும். இப்போது அது இல்லை. ஒரு வெள்ளி. முழுசாக, பளபளவென்று, எனக்கே எனக்கென்று ஒரு வெள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. மேசை ஆடியது.

“டேய் பணக்காரா,” என்றாள் நிரஞ்சனா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

செல்வராஜ் அங்கிள் மட்டும் வேலையில் இருந்தார். சிவப்புப் பேனாவால் அந்த வரியைத் தட்டிக் காட்டினார். “கட்டியாச்சுன்னு உடனே இது அழிஞ்சிடாது தம்பி. தீர்ந்துபோச்சுன்னு பக்கத்துல ஒரு குறிப்பு ஏறும். ஆனா கொஞ்ச வருஷத்துக்கு ஃபைல்ல நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். அதுவரைக்கும் எந்த பேங்க்லயும் வீட்டுக் கடன் கேட்டுப் போக வேணாம். கேக்கக் கேக்க இன்னும் கெட்டுப்போகும்.”

“பரவாயில்லப்பா, நாங்க வாடகைக்கு இருந்துக்குறோம்,” என்றாள் நிரஞ்சனா.

அங்கிளின் பேனா நின்றது. “யாரு?” என்றார் அவர். “யாரு வாடகைக்கு இருக்கப் போறாங்க?”

அவள் கேசரித் தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். காலியான தட்டுகள் மூன்றுதான். நீண்ட நேரம் அடுக்கினாள். அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கைப்பேசியை எடுத்து பேங்கின் எண்ணை அழுத்தினார். “தீர்ந்துபோச்சுன்னு இவனுங்க ஃபைல்ல ஏத்தணும். பின்னாலேயே நின்னு ஏத்த வைக்கலைன்னா தூங்கிடுவானுங்க. எனக்குத் தெரியாதா?”

ஒலிபெருக்கியில் காத்திருப்பு இசை ஓடியது. பியானோ. இரண்டு அம்மாக்களும் அந்த இசைக்கு நடுவே ஆவணியா தையா என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் நிரஞ்சனாவைப் பார்த்தேன், அவள் தன் அப்பாவைப் பார்த்தாள், அவர் அடிக்கோலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இசை நின்றது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. அங்கிள் முதுகை நிமிர்த்தினார்; பழைய வசூல் குரல் வந்தது. என் முழுப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, தெளிவாகச் சொன்னார். கணக்கு எண்ணை ரிப்போர்ட்டில் பார்த்து வாசித்தார். பாக்கி முழுவதும் சற்றுமுன் தீர்க்கப்பட்டது, கடிதம் வேண்டும், கிரெடிட் ஃபைலில் திருத்தம் வேண்டும் என்றார்.

“நீங்கள்தான் கணக்கு வைத்திருப்பவரா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்லை.”

“அப்படியானால் அவருக்கு நீங்கள் என்ன உறவு சார்?”

ஆவணியும் தையும் பாதியில் நின்றன. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். முப்பது வருடத்தில் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பாரோ.

“ஃபாதர்-இன்-லா,” என்றார்.

மன்னிக்க வேண்டும், கணக்கு வைத்திருப்பவரிடம்தான் பேச முடியும் என்றாள் அவள். மாமா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். அதில் இன்னும் அந்த ‘ஃபாதர்-இன்-லா’தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

“ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா சார்?” என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“பேசுடா,” என்றாள் நிரஞ்சனா.